பாஸ் ஓவர், மை லார்ட்!

திருமணத் தகவல் மையத்துப் படிவத்தில் எல்லாக் கட்டங்களையும் மளமளவென்று நிரப்பிவிட்டு, ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு தகப்பனார் உட்கார்ந்திருந்தால், பையன் புது வக்கீல் என்று தாராளமாக முடிவுகட்டலாம். அந்தக் கட்டத்தின் பெயர் ‘மாத வருமானம்’. தகப்பனார் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்ப்பார். பிறகு, ‘சென்னை உயர் நீதிமன்றத்தில் ப்ராக்டிஸ்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். தொகை கேட்ட இடத்தில் முகவரி எழுதினால் அது பொய்ச் சாட்சியம் ஆகாது. சட்டம் படித்தது பையன்தான் என்றாலும் வீட்டில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தொற்றிக்கொள்கிறது.

நம் ஜூனியருக்கு வயது இருபத்தாறு. ஐந்து வருஷம் சட்டப் படிப்பு. அதற்கு மேல் பார் கவுன்சில் பதிவு, அதற்கும் மேல் அகில இந்திய பார் தேர்வு. பதிவுக்குப் பல ஆயிரம் ரூபாய் கடன் வாங்கிக் கட்டினார். கட்டி முடித்த பிறகு, 2024 ஜூலை கடைசியில், 1961ஆம் வருஷத்து வழக்கறிஞர் சட்டத்தில் சொல்லியிருக்கிற 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் 125 ரூபாய்க்கு மேல்) பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. துள்ளிக் குதித்த ஜூனியர் மேலே படித்தார். தீர்ப்பு இனிமேல் பதிவு செய்பவர்களுக்குத்தான், ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அதே தீர்ப்பில் இருந்தது. ஒரு தீர்ப்பைக் கடைசிப் பக்கம்வரை ஏன் படிக்க வேண்டும் என்று கல்லூரியில் யாரும் அவருக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை.

சீனியரிடம் சேர்ந்த கதை சுருக்கமானது. பாரிமுனையில் தம்புச் செட்டித் தெருவில், கீழே ஸ்டேஷனரிக் கடையும் மேலே சேம்பருமாக ஒரு பழைய கட்டடம்.

“எந்த ஊருப்பா?”

“விழுப்புரம் பக்கம் சார்.”

“அப்பா?”

“விவசாயம் சார்.”

“வக்கீல் குடும்பம் இல்லே? பரவாயில்லே. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்துடு. நல்லா கத்துக்கலாம்.”

நேர்முகத் தேர்வு முடிந்தது. பணம் என்ற சொல் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை. சீனியர் சொல்ல மாட்டார், அது அவருடைய பெருந்தன்மைக்குக் குறைவு. ஜூனியர் கேட்க மாட்டார், அது கற்றுக்கொள்ள வந்தவனுக்கு அழகில்லை. இப்படியாக இரண்டு சட்டம் படித்தவர்கள், ஊதியம் எவ்வளவு என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒப்பந்தம் ஒன்றை வாய்மொழியாகச் செய்துகொள்கிறார்கள். வேறு எவனாவது இப்படி ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால் இருவருமே தலையில் அடித்துக்கொள்வார்கள்.

வேலை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது. இன்னும் முடிந்தபாடில்லை. சாயங்காலம் காஸ் லிஸ்ட் வெளியானதும் எந்தக் கோர்ட்டில் எத்தனையாவது ஐட்டம் என்று பார்த்து சீனியருக்கு வாட்ஸ்அப்பில் போட வேண்டும். கட்டுகளை எடுத்து அடுக்க வேண்டும். மனுவோடு போகிற ஆவணத் தொகுப்பான டைப் செட்டுக்குப் பக்க எண் போட வேண்டும். செக்‌ஷனில் குறை சொல்லித் திருப்பிய மனுவைச் சரிசெய்து மறுபடி போட்டு, நம்பர் ஆகும்வரை நடையாய் நடக்க வேண்டும். நடுவில் எழும்பூரில் ஒரு வாய்தா, சைதாப்பேட்டையில் ஒரு வாய்தா. 1892இல் கட்டி முடிக்கப்பட்ட உயர் நீதிமன்றத்துச் சிவப்புக் கட்டடத்தின் கோபுரங்களையும் கலசங்களையும் வெளியூர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஜூனியருக்கு அதன் மாடிப்படிகள்தான் தெரியும். இத்தனையும் கறுப்புக் கோட்டோடு. வெயில் காலத்தில் கோட்டு வேண்டியதில்லை என்று விதியில் சலுகை இருக்கிறது. ஆனால் உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் அந்தச் சலுகை இல்லை என்றும் அதே விதியில் இருக்கிறது.

ஆனால் இதெல்லாம் சில்லறை வேலை. ஜூனியரின் உண்மையான தொழில் ‘பாஸ் ஓவர்’ கேட்பது, அதாவது வழக்கைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிடச் சொல்லிக் கேட்பது. சீனியர் ஒருவர், அவர் வழக்குகள் வருகிற கோர்ட்டுகள் நான்கு. மீதி மூன்றில் அவர் இல்லை என்ற செய்தியை நீதிபதி முகம் சுளிக்காதபடி தெரிவிக்க வேண்டும். “மை லார்ட், சீனியர் வேறு கோர்ட்டில் ஆர்கியூ பண்ணிக்கொண்டிருக்கிறார். பாஸ் ஓவர் ப்ளீஸ், மை லார்ட்!” இதைப் பணிவு, பதற்றம், நம்பிக்கை மூன்றும் சரியான அளவில் வரும்படி சொல்லப் பழகவே ஆறு மாதம் பிடிக்கும். சீனியர் அந்த நேரத்தில் உண்மையில் கேன்டீனில் காபிதான் குடித்துக்கொண்டிருக்கிறார் என்பது ஜூனியருக்குத் தெரியும். நீதிபதிக்கும் தெரியும், அவரும் ஒரு காலத்தில் ஜூனியர்தானே.

மாதக் கடைசி வந்ததும் சீனியர் மேஜை டிராயரைத் திறப்பார். ஜூனியர் அலமாரியில் எதையோ தேடுகிற மாதிரி நிற்பார். “இந்தா, பெட்ரோலுக்கு வெச்சுக்கோ” என்று மடித்த நோட்டுகள் கை மாறும். ஜூனியரிடம் வண்டி கிடையாது, மின்சார ரயிலிலும் கால்நடையாகவும்தான் வருகிறார். ஆனாலும் அது பெட்ரோல் காசுதான். எண்ணிப் பார்த்தால் சில மாதம் ஐந்தாயிரம், சில மாதம் மூவாயிரம், கோர்ட்டுக்குக் கோடை விடுமுறை விடுகிற மே மாதத்தில் டிராயரே திறக்காது. தீபாவளிக்கு மட்டும் ஒரு சட்டைத் துணியும் ஒரு கிலோ மிட்டாயும் தவறாமல் வரும்.

அதே சேம்பரில் குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். பத்தாம் வகுப்போடு நின்றவர், ஆனால் எந்த செக்‌ஷனில் எந்த மனு எந்தக் கட்டுக்கு அடியில் தூங்குகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கட்சிக்காரருக்குப் போகிற பில்லில் வக்கீல் ஃபீஸ், கோர்ட் கட்டணம், டைப்பிங் செலவு, குமாஸ்தா ஃபீஸ் என்று வரிசையாக இருக்கும். ஜூனியருக்கு அதில் வரி கிடையாது. எல்லோர் எதிரிலும் குமாஸ்தா அவரை “சார்” என்பார். யாரும் இல்லாதபோது, “தம்பி, கைல காசு இருக்கா? ஐநூறு வேணா வெச்சுக்குங்க, அப்புறம் தாங்க” என்பார். இரண்டும் உண்மையான மரியாதைதான்.

சாயங்காலம் வேறு ஏதாவது வேலை பார்த்துச் சம்பாதிக்கலாமே என்று ஊரிலிருந்து மாமா யோசனை சொல்வார். இந்திய பார் கவுன்சில் விதி 47 வக்கீல் தானாக வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. விதி 49 முழுநேரச் சம்பளக்காரராக இருக்கக் கூடாது என்கிறது. விதி 36 விளம்பரம் செய்து கட்சிக்காரரைப் பிடிக்கக் கூடாது என்கிறது. இதில் விதி 49ஐ மட்டும், தங்கள் சேம்பரைப் பொறுத்தவரை, நம் ஊர் சீனியர்கள் பலர் எள்ளளவும் மீறியதில்லை. ஜூனியர் சம்பளக்காரர் ஆகிவிடாமல் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சீனியரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவரும் இருபது வருஷத்துக்கு முன் இதே பாரிமுனையில் பெட்ரோல் காசு வாங்கியவர்தான், அவருக்கும் அன்று வண்டி கிடையாது. பட்டதை மறந்துவிட்டவரும் அல்ல. பட்டதால்தான் வளர்ந்தோம் என்று நம்புகிறவர். அந்த நம்பிக்கைக்கு அவர் வைத்திருக்கும் முதல் ஆதாரம் நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே பளிங்குச் சிலையாக இருக்கிறது.

“முத்துசாமி ஐயர் யாரு தெரியுமா? சென்னை ஐகோர்ட்டோட முதல் இந்திய நீதிபதி. எவ்வளவு சம்பளத்துல ஆரம்பிச்சார் தெரியுமா? மாசம் ஒரு ரூபா!”

தெரியும். தஞ்சாவூர் ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் 1832இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கிராமக் கணக்கு வேலைக்கு மாதம் ஒரு ரூபாய்க்குப் போனவர். தெருவிளக்கில் படித்தார் என்று சொல்வார்கள். நீதிபதி ஆகி, 1893இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். சீனியர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஜூனியர் தலையாட்டிவிட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, சக ஜூனியரிடம் மட்டும் முணுமுணுப்பார்: “அந்த ஒரு ரூபாய் மாசா மாசம் கரெக்டா வந்திருக்கும்ல?”

சீனியரின் இரண்டாவது ஆதாரம் காந்தி. இது இன்னும் வலுவானது. 1891இல் லண்டனிலிருந்து பாரிஸ்டராக வந்து இறங்கிய காந்திக்குப் பம்பாய் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் முதல் வழக்குக்கு ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்விகூட வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். தினம் ஒரு மணி நேரம் ஆங்கிலம் கற்பிக்க ஆள் தேவை, சம்பளம் 75 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து ஒரு பள்ளிக்கு மனுப் போட்டார். பட்டதாரி இல்லை என்று அவர்களும் திருப்பி அனுப்பினார்கள். ராஜ்கோட்டுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபாய் அளவுக்குச் சம்பாதிக்க ஆரம்பித்தார். அதை விட்டுவிட்டுத்தான் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். தாதா அப்துல்லா கம்பெனியார் பேசிய தொகை ஒரு வருஷத்துக்கு 105 பவுன். அன்றைய மாற்று மதிப்பில் மாதக் கணக்குப் போட்டால் ராஜ்கோட் வருமானத்தில் ஏறக்குறைய பாதி.

“பாத்தியா? காசா அனுபவமான்னு வந்தப்போ காந்தி எதை எடுத்தார்?” என்பார் சீனியர், வழக்கை முடித்துவிட்ட தோரணையில்.

இந்த இடத்தில் சீனியர் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. அந்த 105 பவுனுக்கு மேல் போக வர முதல் வகுப்புக் கப்பல் கட்டணம், அங்கே தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பொறுப்பு. பாரிஸ்டராக அல்ல, கம்பெனி ஊழியராகத்தான் போகிறோம் என்று காந்திக்கே புரிந்திருந்தது. அவர் பேரம் பேசவில்லை. ஆனால் கூப்பிட்டவரும், “வாருங்கள், நல்லா கத்துக்கலாம்” என்று மட்டும் சொல்லிக் கூப்பிடவில்லை. அனுபவமும் பெரிதாகத்தான் கிடைத்தது. அடுத்த வருஷமே டர்பனில், முதலாளி அடித்துப் பல் உடைந்து, ரத்தம் வழிய, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி வந்து நின்றபோது, காந்தி அங்கே தொழில் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த வழக்கு அவர் பெயரைத் தொழிலாளர் மத்தியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. வயிறு நிறைந்திருந்தால் அனுபவம் ஏறாது என்பதற்கு காந்தி சாட்சி அல்ல.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நம் ஜூனியர் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் படுத்துக்கொண்டு கைப்பேசியில் வேலைவாய்ப்புப் பக்கங்களைப் புரட்டுவார். கம்பெனிகளில் சட்டப் பிரிவு வேலை இருக்கிறது, மாதா மாதம் வங்கிக் கணக்கில் விழுகிற சம்பளத்தோடு. தகுதி: இரண்டாண்டு அனுபவம். அந்த அனுபவம் எங்கே கிடைக்கும் என்றால், இதோ இங்கேதான், தம்புச் செட்டித் தெருவில், பெட்ரோல் காசுக்கு. 2024 ஆகஸ்டில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம், பொறியியல் படிக்காத புதுப் பட்டதாரிகளுக்கு வருஷம் 2.52 லட்சம் என்று அறிவித்தபோது சமூக ஊடகம் முழுக்கக் கேலி செய்தது. இந்தச் சம்பளத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஆளாளுக்கு மீம் போட்டார்கள். மேன்ஷன் அறையில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தார். மாதம் 21,000 வந்தது. அந்த மீம்களை அவர் யாருக்கும் அனுப்பவில்லை.

அப்படியானால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

ஒரு நாள் ஐட்டம் 37 கூப்பிட்டார்கள். கடை ஒன்றுக்கு அதிகாரிகள் சீல் வைத்த வழக்கு. ஜூனியர் எழுந்து வழக்கமான வாக்கியத்தை ஆரம்பித்தார். நீதிபதி நிறுத்தினார். “காலையிலேயே ஒரு தடவை பாஸ் ஓவர் ஆச்சு. ஃபைல் உங்களுக்குத் தெரியுமா?” தெரியுமாவா! அஃபிடவிட்டை டைப் அடித்தது அவர், பக்க எண் போட்டது அவர், திரும்பி வந்த மனுவைச் சரிசெய்தது அவர். “டைப் செட் பக்கம் பதினொன்று, மை லார்ட். பதில் தரப் பதினைந்து நாள் அவகாசம் என்று நோட்டீஸே சொல்கிறது. பக்கம் பதினான்கு, ஒன்பதாவது நாளே சீல் வைத்திருக்கிறார்கள்.” நீதிபதி பதினொன்றைப் புரட்டினார். பதினான்கைப் புரட்டினார். மறுபடி பதினொன்றுக்கு வந்தார். அரசு வக்கீல் விவரம் கேட்டுச் சொல்ல நேரம் வேண்டும் என்றார். நேரம் தந்துவிட்டு, அதுவரைக்கும் சீலை எடுக்கச் சொல்லி நீதிபதி உத்தரவை டிக்டேட் செய்யத் தொடங்கினார்.

மொத்தம் நாலு நிமிஷம். ஜூனியரின் கால் வெளியே வந்த பிறகுதான் நடுங்கியது. கடைக்காரர் வராந்தாவில் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “தம்பி, தம்பி” என்பதற்கு மேல் பேச முடியாமல் நின்றார். இந்த நாலு நிமிஷத்தை எந்தக் கல்லூரியும் விற்பதில்லை, எந்தக் கம்பெனியின் சட்டப் பிரிவிலும் இது கிடைக்காது. அனுபவம் என்று சீனியர் சொல்வது வெறும் வாய்ப்பந்தல் இல்லை என்பதை இந்தக் கட்டுரை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். தகவல் சொன்னபோது சீனியர், “பரவாயில்லியே!” என்றார். அடுத்த மூச்சில், “ஆர்டர் காபிக்கு அப்ளை பண்ணிட்டியா?” என்றார். அன்று ராத்திரி வேலைவாய்ப்புப் பக்கம் திறக்கப்படவில்லை. ஃபீஸ் பாக்கி மறுநாள் சீனியர் கணக்குக்கு வந்து சேர்ந்தது.

அதே சேம்பரில் இன்னொரு ஜூனியர் இருக்கிறார். அப்பா வக்கீல், தாத்தா வக்கீல், மயிலாப்பூரில் சொந்த வீடு, காரில் வருவார். அவரும் நன்றாகவே வேலை செய்கிறார். அனுபவம்தான் முக்கியம் என்று சீனியர் சொல்லும்போது அவரால் மனசாரத் தலையாட்ட முடிகிறது. ஐந்தாறு வருஷம் காத்திருந்தால் தொழில் பிடிபடும் என்பது இருவருக்கும் பொதுவான உண்மை. யாருடைய சாப்பாட்டில் காத்திருப்பது என்பதில்தான் வித்தியாசம். விழுப்புரத்துக்காரர் மூன்றாம் வருஷம் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார். பத்து வருஷம் கழித்து, ‘தாக்குப்பிடிக்கிறவன்தான் இந்தத் தொழிலில் நிற்பான்’ என்று அவரைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். பெண் ஜூனியர் என்றால் கணக்கு இன்னும் இறுக்கம். விடுதிக் கட்டணம், ராத்திரி ஒன்பது மணிக்கு சேம்பர் முடிந்த பிறகு போக்குவரத்து, ‘காசு வராத வேலைக்கு எதுக்கு மெட்ராஸ்ல தனியா இருக்கே?’ என்று வீட்டிலிருந்து வாரம் ஒரு போன்.

1961இல் நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களைச் செய்தது. ஒன்று தொழிற்பழகுநர் சட்டம். அதன்படி, பழகுநராகச் சேரும் ஐடிஐ ஃபிட்டருக்குக் கற்றுக்கொள்ளும் காலத்திலேயே உதவித்தொகை தர வேண்டும். பட்டதாரிப் பழகுநருக்கு 2019இல் குறைந்தபட்சம் மாதம் 9,000 என்று வைத்தார்கள். இன்னொன்று வழக்கறிஞர் சட்டம். அதில் ஜூனியர் எதைச் சாப்பிடுவார் என்பது பற்றி ஒரு பிரிவும் கிடையாது. ஏழைக் குடும்பத்து இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷம் மாதம் 3,000 ரூபாய் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2020இல் கொண்டுவந்தது.

பிறகு 2024 ஜூன் வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியம், சி.குமரப்பன் அமர்வு ஒரு வழக்கில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆண், பெண் வித்தியாசம் கூடாது என்றும் சொன்னது. (ஆணுக்கும் ஒன்றுமில்லை, பெண்ணுக்கும் ஒன்றுமில்லை என்ற அளவில் அந்தச் சமத்துவம் பல சேம்பர்களில் ஏற்கெனவே நிலவியது.) அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000, குறைந்தது மூன்று வருஷம் என்று பரிந்துரைத்தது. தராவிட்டால் மாநில பார் கவுன்சிலிடம் ஜூனியர் புகார் தரலாம் என்று வழியும் காட்டியது. தன் சீனியர் மேல் தானே புகார் தருகிற ஜூனியரை அடுத்த சேம்பரில் யார் சேர்ப்பார்கள் என்பதற்கு வழி காட்டவில்லை.

இதற்கிடையே 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு தீர்ப்புச் சொன்னது. சிவில் நீதிபதித் தேர்வு எழுத இனி மூன்று வருஷம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும். புத்தகம் மட்டும் படித்தவர் நேராக நீதிபதி நாற்காலியில் உட்காரக் கூடாது என்பது காரணம், நியாயமான காரணம். அந்த மூன்று வருஷத்துக்குச் சான்று தரக்கூடியவர் குறைந்தது பத்து வருஷம் தொழிலில் இருக்கிற வக்கீல். அதாவது, சாட்சாத் சீனியரேதான். மாதக் கடைசியில் டிராயரைப் பார்த்து வாய் திறக்காமல் இருக்க ஜூனியருக்கு இதுவரை நாலு காரணம் இருந்தது. இப்போது ஐந்து.

சீனியர்கள் எல்லோரும் கருமிகள் அல்லர். சில சேம்பர்களில் முதல் தேதியே கணக்கில் பணம் விழுகிறது. தாலுகா கோர்ட்டில் வாய்தாவுக்கு இருநூறு முந்நூறு வாங்கிப் பிழைக்கிற சீனியரிடம் 15,000 கேட்டால், அவர் ஜூனியராகச் சேர இடம் தேட வேண்டியதுதான். அவர்களுக்கு நல நிதியோ அரசோ கைகொடுக்காமல் இது நடக்காது. ஆனால் ஒரு மனுவுக்கு லட்சத்தில் ஃபீஸ் வாங்குகிற பாரிமுனைப் பெரியவர்களுக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. அவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கட்சிக்காரருக்குப் பில் போடும்போது, குமாஸ்தா ஃபீஸுக்குக் கீழே ‘ஜூனியர் ஃபீஸ்’ என்று இன்னொரு வரி சேருங்கள். எவ்வளவு என்று எழுதுவதில் குழப்பம் இருந்தால், பார் கவுன்சில் சுற்றறிக்கை சேம்பரிலேயே எங்காவது கிடக்கும். எந்தக் கட்டில் இருக்கிறது என்று ஜூனியரைக் கேட்டால் எடுத்துத் தருவார்.